பனிக்காலத்தில் ஸ்போர்ட்ஸ் கார்: டயரும் ரிம்மும் வாங்குவோருக்குப் பயனுள்ள குறிப்புகள்

டொரன்டோ, மொன்ட்ரியால் பக்கம் நம்மவர் வீட்டு வாசல்களில் குடும்ப வானுக்குப் பக்கத்தில் ஒரு சிவிக் டைப் ஆரோ மஸ்டாங்கோ நிற்பது இப்போது சகஜம். கார் பெரும்பாலும் மகனுடையதோ மகளுடையதோதான். குளிர்கால டயருக்கான செலவு மட்டும் வீட்டுக் கணக்கில் வந்து சேரும். கடைக்குப் போனால், "இந்தக் காருக்கு இருபது அங்குலம்தான் போடணும்" என்பார் ஒருவர். "பதினெட்டே போதும்" என்பார் இன்னொருவர். அநேகமாக இரண்டாமவர் சொல்வதுதான் சரி. ஏன் என்பதையும், ரிம் வாங்கும்போது எங்கெல்லாம் கையைச் சுட்டுக்கொள்ள நேரும் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

1. காலை வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் டயர் மாற்றும் காலம் வந்துவிட்டது. பனி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவும் ஷோரூமிலிருந்து கோடை டயரோடுதான் வருகின்றன. சூட்டில் சாலையை ஒட்டிப் பிடிப்பதற்கென்று கலந்த ரப்பர் அது, குளிரில் விறைத்துவிடும். நவம்பரில் காய்ந்த தார்ச்சாலையிலேயே வண்டி வழுக்குவது அதனால்தான். மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே உயர்ரகக் கோடை டயரில் ஓட்டவே வேண்டாம், ரப்பர் வெடித்துவிடலாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். அப்படி வந்த வெடிப்புக்குப் பொதுவாக உத்தரவாதமும் கிடையாது.

2. டயரின் பக்கச் சுவரில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனித்துகள் பூவும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அந்தச் சின்னம். "எம் பிளஸ் எஸ்" என்ற எழுத்துகளை மட்டும் நம்ப வேண்டாம். பள்ளங்களின் அமைப்பைப் பார்த்துப் போடும் முத்திரை அது. சோதனை எதுவும் நடந்ததில்லை. ஆனால் ஒன்று: மலைச் சின்னத்துக்கான சோதனையும் பனிமேல் நடப்பதுதான், கண்ணாடிபோல் உறைந்த கட்டிமேல் நடப்பதல்ல. ஆல் வெதர் டயர் சிலவற்றிலும் இதே சின்னம் இருக்கும். குடும்பக் காருக்கு அது போதலாம். பின்சக்கரத்தில் நானூறு குதிரைத்திறன் இறங்கும் வண்டிக்கு முழுமையான குளிர்கால டயரையே கேளுங்கள்.

3. சட்டம் ஊருக்கு ஊர் வேறு. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். மீறினால் 200 முதல் 300 டாலர் அபராதம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் அக்டோபர் 1 முதலே கேட்பார்கள். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனால் குளிர்கால டயர் போட்டவருக்குக் காப்புறுதியில் தள்ளுபடி தர வேண்டும் என்ற விதி 2016 ஜனவரி முதல் இருக்கிறது. ரசீதை எடுத்து வைத்துக் கேட்டு வாங்குங்கள். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் வெறும் எம் பிளஸ் எஸ் டயர் குளிர்கால டயராகச் செல்லாது. சுவிட்சர்லாந்தில் பொதுவான கட்டாயம் இல்லை.

4. நான்கு சக்கரத்துக்கும் ஒரே டயர். "பின்னால்தானே எஞ்சின் இழுக்கிறது, ரெண்டு போட்டால் போதாதா?" என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். போதாது. பின்பக்கம் பிடித்து முன்பக்கம் வழுக்கினால் வளைவில் வண்டி திரும்பாமல் நேராகப் போய் இடிக்கும். முன்னால் மட்டும் போட்டாலோ வால் சுழன்று வரும். பிரேக் பிடிப்பது நான்கு சக்கரமும்தான்.

5. ரிம்மையும் தனியாக ஒரு செட் வாங்கிவிடுங்கள். ஒரே ரிம்மில் ஆண்டுக்கு இரண்டு முறை டயரைக் கழற்றி மாட்டினால் கூலியும் போகும், ரிம்மின் ஓரமும் கீறும், டயரின் விளிம்பும் நைந்துபோகும். தனி செட் இருந்தால் நட்டைக் கழற்றி மாட்டுகிற வேலை மட்டும்தான். முதல் ஆண்டில் அதிகமாகத் தெரியும் செலவு மூன்று நான்கு குளிர்காலங்களில் சரிக்கட்டிவிடும். உப்பில் ஊறுவது அழகான ஒரிஜினல் ரிம் அல்ல என்ற நிம்மதியும் சேரும்.

6. ரிம்மின் அளவை ஓர் அங்குலமோ இரண்டோ குறையுங்கள். முக்கியமான குறிப்பு இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

டயரில் 245/30 ஆர் 20 என்று இருந்தால் அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 30 சதவீதம், ரிம்மின் விட்டம் 20 அங்குலம். 2017 முதல் 2021 வரை வந்த சிவிக் டைப் ஆரின் அளவு இது. கணக்குப் போட்டால் பக்கச் சுவர் 73.5 மில்லிமீட்டர், டயரின் மொத்த உயரம் 655. இதே காருக்கு 245/40 ஆர் 18 போட்டால் பக்கச் சுவர் 98 மில்லிமீட்டர், மொத்த உயரம் 653.2. வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. வேகமானி பொய் சொல்லாது, ஏபிஎஸ் குழம்பாது. ஆனால் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே ஏறக்குறைய ஓர் அங்குல ரப்பரும் காற்றும் கூடுதலாக வந்துவிட்டன.

அந்த ஓர் அங்குலத்தின் அருமை மார்ச் மாதத்தில் தெரியும். பகலில் உருகிய நீர் தார் வெடிப்புக்குள் இறங்கி இரவில் உறைந்து விரியும். மறுநாள் லாரிச் சக்கரம் ஏறும்போது தார் பெயர்ந்து பள்ளமாகும். மூன்று அங்குலம்கூட இல்லாத பக்கச் சுவர் அப்படிப்பட்ட பள்ளத்தில் இறங்கினால் ரிம் வளையும், அல்லது டயரின் பக்கத்தில் கோழிமுட்டை அளவு வீங்கும். வீங்கிய டயரைச் சரிசெய்ய முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். சிறிய ரிம்முக்கு டயர் விலையும் குறைவு, கடைகளில் தேர்வும் அதிகம்.

மொத்த உயர வித்தியாசம் மூன்று சதவீதத்துக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் வேறு அளவு பாருங்கள்.

7. அகலமும் கொஞ்சம் குறையலாம். அகல டயர் இளகிய பனியின் மேல் ஏறி மிதக்கும். ஒடுக்கமானது பனியைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும். மேலே சொன்ன டைப் ஆருக்கு 235/40 ஆர் 18 போடுபவர்களும் உண்டு. உயரம் ஒன்றரை சதவீதம்தான் குறையும். பழைய டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் வைத்திருப்பவர்கள் 205/55 ஆர் 16 வரை இறங்கலாம். பார்வைக்குச் சக்கரம் சூம்பித் தெரியும் என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். ஏப்ரலில் பழைய சக்கரம் திரும்பத்தானே போகிறது!

8. "அஞ்சு நட்டு, அதே அளவு, அப்படியே பொருந்தும்" என்று விற்பவர் சொன்னதும் பணத்தை எடுக்காதீர்கள். நான்கு விஷயங்கள் பொருந்த வேண்டும்.

முதலாவது, போல்ட் வட்டத்தின் விட்டம். சாதாரண சிவிக்குக்கு 5x114.3. டைப் ஆருக்கு 5x120. தம்பியின் சிவிக் ரிம் அண்ணனின் டைப் ஆரில் ஏறாது. பிஎம்டபிள்யூவிலும் இதே சிக்கல்: பழைய மாடல்கள் 5x120, அண்மைய ஜி வரிசைக் கார்கள் 5x112.

இரண்டாவது, நடுத் துளை. டைப் ஆரின் ஹப் 64.1 மில்லிமீட்டர். பழைய பிஎம்டபிள்யூ ரிம் ஒன்றின் துளை 72.6. போல்ட் வட்டம் ஒத்துப்போவதால் மாட்டிவிடலாம். ஆனால் சக்கரம் ஹப்பின் மேல் உட்காராமல் நட்டுகளை மட்டும் நம்பித் தொங்கும், நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். இடைவெளியை நிரப்ப வளையம் கிடைக்கிறது, சரியான அளவில் வாங்க வேண்டும்.

மூன்றாவது, ஆஃப்செட். ஹப்பைத் தொடும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற எண் இது. டைப் ஆருக்கு 60. அதே அகலத்தில் ஆஃப்செட் 35 உள்ள ரிம்மைப் போட்டால் சக்கரம் 25 மில்லிமீட்டர் வெளியே துருத்தும். ஃபெண்டரில் உரசும், உப்புச் சேற்றைக் கதவெல்லாம் வாரி அடிக்கும்.

நான்காவது, நட்டின் இருக்கை. ஹோண்டாவின் ஒரிஜினல் நட்டு உருண்டை முனை. வெளிச்சந்தை ரிம்களில் பெரும்பாலானவை கூம்பு முனைக்கு வெட்டியவை. ஆடியும் போர்ஷேயும் உருண்டை, பிஎம்டபிள்யூ கூம்பு. மாற்றிப் போட்டால் இறுக்கியதுபோல் இருக்கும், ஓட ஓடத் தளரும். புது ரிம்மோடு அதற்கேற்ற நட்டு செட்டையும் கேட்டு வாங்குங்கள்.

9. ரிம்மைச் சிறிதாக்குவதற்கு எல்லை வைப்பது பிரேக். ஸ்போர்ட்ஸ் காரின் காலிப்பர் பெரியது. 18 அங்குல ரிம் என்று எழுதியிருந்தாலும் ஆரங்களின் வளைவைப் பொறுத்து ஒன்று ஏறும், இன்னொன்று இடிக்கும். பிரேக் நிறுவனங்கள் சில, காலிப்பரின் வெட்டுத்தோற்றத்தை உண்மை அளவில் அச்சிட்டு எடுக்கும்படி கொடுக்கின்றன. அட்டையில் ஒட்டி வெட்டி, ரிம்மின் உட்புறம் வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஆரத்துக்கும் காலிப்பருக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். பனிக்கட்டி சேரும் இடம் அது. அட்டை இல்லையென்றால் டயர் மாட்டாத வெறும் ரிம்மை ஹப்பில் வைத்து, இரண்டு நட்டுப் போட்டு, கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். டயரை ஏற்றிய பிறகு கடைக்காரர் திருப்பி எடுப்பதில்லை.

10. மஸ்டாங் ஜிடியின் பெர்ஃபார்மன்ஸ் பேக் போல முன்னால் 255, பின்னால் 275 என்று அளவு வேறாக வருகிற கார்கள் உண்டு. குளிர்காலத்துக்கு நான்கிலும் 255/40 ஆர் 19 போட்டுவிட்டால் முன்பின் மாற்றி ஓட்டலாம், தேய்மானம் சமமாகும், ஒரு டயர் போனால் ஒன்று வாங்கினால் போதும். நான்கு சக்கரமும் இழுக்கும் கார்களில் மட்டும் இந்தத் துணிச்சல் வேண்டாம். 911 கரேரா 4, எம்3 எக்ஸ் டிரைவ் போன்றவற்றில் முன் டயருக்கும் பின் டயருக்கும் உள்ள உயர விகிதம் மாறினால் இடையிலுள்ள கிளட்ச் ஓயாமல் உரசிச் சூடாகும். தயாரிப்பாளர் கையேட்டில் தந்திருக்கும் குளிர்கால அளவையே எடுங்கள்.

11. குளிர்கால டயரிலும் இரண்டு ஜாதி. மிஷ்லின் பைலட் ஆல்பின், பிரெல்லி சோட்டோசீரோ போன்றவை வேகச் சாலைக்கானவை. ஸ்டியரிங் திருப்பினால் உடனே கேட்கும். மிஷ்லின் எக்ஸ் ஐஸ், பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக் டபிள்யூஎஸ், நோக்கியன் ஹக்கபெலிட்டா ஆர் போன்றவை பனிக்கட்டிக்கானவை. ரப்பர் மெத்தென்று இருக்கும், மயிரிழைக் கீறல்கள் நிறைய, காய்ந்த சாலையில் வண்டி லேசாக நெளிவதுபோல் தோன்றும். எதை வாங்குவது? காரின் விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வீதியைப் பாருங்கள். ஸ்கார்பரோவிலிருந்து டவுன்டவுனுக்கு 401 நெடுஞ்சாலையில் போய் வருபவருக்கு உப்புத் தூவிய ஈரச் சாலைதான் பெரும்பாலான நாள்களில் கிடைக்கும். முதல் வகை சரி. ஒட்டாவா, மொன்ட்ரியால், சட்பரி பக்கமென்றால், அல்லது வாரி ஒதுக்காத சரிவான சந்தில் வீடு என்றால், தயங்காமல் இரண்டாவது வகை. நெளிவு ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ஆணி பதித்த டயர் தெற்கு ஒன்டாரியோவில் அனுமதி இல்லை.

12. ரிம்மின் பூச்சைப் பாருங்கள். குரோம் வேண்டாம். முகத்தைக் கடைந்து பளபளப்பாக்கி மேலே வார்னிஷ் அடித்தவையும் வேண்டாம். ஒரு சின்னக் கல் தெறித்தாலும் உப்பு நீர் உள்ளே இறங்கி, வார்னிஷுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக இழையோடும். முழுக்கப் பெயின்ட் அடித்த, ஆரங்கள் குறைந்த, எளிய அலாய் ரிம் போதும். கழுவுவதும் சுலபம், உள்ளே பனி அடைத்துக்கொண்டு சக்கரம் நடுங்குவதும் குறையும்.

13. வேகக் குறியீட்டுக்காகப் பணம் அழிக்காதீர்கள். கோடை டயரில் ஒய் என்று 300 கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்டிருக்கும். குளிர்காலத்தில் எச் போதும், அதுவே 210. பாரக் குறியீடு மட்டும் ஒரிஜினலுக்குக் குறையக் கூடாது. டைப் ஆரின் டயரில் 90 என்று இருந்தால் ஒரு டயர் 600 கிலோ தாங்கும் என்று பொருள்; 88 என்று மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். ஜெர்மனி ஆட்டோபானில் ஓட்டுபவர்கள், குறைந்த வேகக் குறியீடுள்ள டயர் போட்டால் அந்த வேகத்தை ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டி வைக்க வேண்டும்.

14. பழைய செட் வாங்குவது தப்பில்லை. காரை விற்றவர்கள் ரிம்மோடு சேர்த்துப் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். பார்க்க வேண்டியது மூன்று. பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள்: 3821 என்றால் 2021ஆம் ஆண்டின் 38ஆவது வாரத்தில் செய்தது. இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டும் முழுமையாக இருக்கும், சில சமயம் உட்பக்கமாக மாட்டியிருப்பார்கள். குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆன குளிர்கால டயரின் ரப்பர் இறுகிவிட்டிருக்கும். அடுத்து பள்ளத்தின் ஆழம். சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை விட்டுவைக்கும் இடங்கள் உண்டு. பனிக்கு அது உதவாது. ஆஸ்திரியாவில் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரைக் குளிர்கால டயராகவே கணக்கில் எடுப்பதில்லை. அந்த அளவுகோல்தான் நியாயமானது. மூன்றாவதாக, ரிம்மைத் தரையில் உருட்டி உள்விளிம்பைப் பாருங்கள். பள்ளத்தில் அடிபட்ட நெளிவு வெளிப்பக்கம் தெரியாது.

15. காற்றழுத்தம். ஐந்தரை டிகிரி குளிர் கூடினால் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. இறங்கும். இருபது டிகிரி வெப்பமுள்ள கராஜுக்குள் 35 வைத்துவிட்டு மைனஸ் பத்தில் வெளியே நின்றால் 30தான் இருக்கும். அதனால் வெளியே, ஓட்டுவதற்கு முன், குளிர்ந்த டயரில் அளந்து நிரப்புங்கள். சக்கரத்துக்குள் சென்சார் வைக்கும் காரென்றால் புது ரிம்மிலும் சென்சார் வேண்டும். அலைவரிசை 315 மெகாஹெர்ட்ஸா 433ஆ என்று காருக்குப் பொருத்தமாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் மார்ச் வரை டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணையாது.

16. மாட்டும் அன்று பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டியது ஹப்பின் முகம். துரு செதில் செதிலாகப் படிந்திருக்கும். கம்பி பிரஷால் தேய்த்து எடுத்த பிறகே ரிம்மை ஏற்றச் சொல்லுங்கள். செதில் நடுவில் மாட்டிக்கொண்டால் இறுக்கிய நட்டு இரண்டு நாளில் தளரும். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சால்தான், கையேட்டில் உள்ள அளவுக்கு. காற்றுத் துப்பாக்கியால் படபடவென்று இறுக்கி அனுப்புவதை ஏற்காதீர்கள். 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை மறுபடி சரிபார்க்க வேண்டும். போர்ஷே ஜிடி3 போல நடுவில் ஒரே நட்டுள்ள கார்களுக்கு 600 நியூட்டன் மீட்டர் இறுக்கம். அதை வீட்டு வாசலில் செய்ய நினைக்காதீர்கள்.

17. புது டயரை முதல் 300, 400 கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்டுங்கள். மேலே இருக்கும் வழவழப்பு தேய வேண்டும்.

18. கழற்றிய கோடைச் சக்கரங்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எது எந்தப் பக்கம் என்று சாக்பீஸால் எழுதி, கறுப்புப் பையில் கட்டி வையுங்கள். ரிம்மோடு இருந்தால் படுக்க வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். வெறும் டயரென்றால் நிறுத்தி வைக்க வேண்டும். ஃபர்னஸ், மோட்டார் பக்கத்தில் வேண்டாம். அங்கே உண்டாகும் ஓசோன் ரப்பரைத் தின்னும். உயர்ரகக் கோடை டயரை உறையும் ஷெட்டில் போட்டு ஜனவரியில் உருட்டி விளையாடவும் கூடாது. விறைத்த ரப்பர் தட்டினாலே வெடிப்பு விடும்.

19. எந்த டயரும் காரின் வயிற்றை உயர்த்தாது. தரையிலிருந்து ஐந்து அங்குலம் இடைவெளி உள்ள வண்டியை எட்டு அங்குலப் பனியில் இறக்கினால் முன்பம்பர் பனியைத் தள்ளிக்கொண்டு போய், ஓரிடத்தில் வண்டி வயிற்றின்மேல் உட்கார்ந்துவிடும். சக்கரம் அந்தரத்தில் சுற்றும். புயல் எச்சரிக்கை வந்த அன்று குடும்ப வானின் சாவியை எடுப்பதே மேல்.

20. அக்டோபர் முதல் வாரத்திலேயே கடையில் நேரம் பதிவு செய்துவிடுங்கள். ஸ்போர்ட்ஸ் கார் அளவுகள் கடைக்கு வருவதே குறைவு, நவம்பர் பிறப்பதற்குள் தீர்ந்துவிடும். முதல் பனி விழுந்த மறுநாள் போன் செய்தால் இரண்டு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். அதுவும் கடையில் மிச்சமிருக்கும் அளவைத்தான் உங்கள் தலையில் கட்டுவார்கள்.